குவளையைப் பார்த்தோம், தேநீரைப் பார்த்தோமா?

"மலிவு! மலிவு!" சந்தையில் எழும் கூவல்களில் இதைவிட இனிய கூவல் ஏழையின் காதுக்கு ஏது? மாதக் கடைசியில் மடியைத் தடவிப் பார்த்து, இருக்கும் சில்லறையில் பருப்பு வாங்குவதா, பிள்ளைக்கு மருந்து வாங்குவதா என்று திகைத்து நிற்பவனிடம் சென்று, "மலிவான பண்டத்தைத் தொடாதே, அதில் பாவம் இருக்கிறது" என்று உபதேசம் செய்பவன் யார்? வயிறு நிறைந்தவன். ஏப்பம் விட்டபடியே அறம் பேசுபவன். பட்டினி கிடப்பவனுக்குப் பத்தியம் சொல்லும் பரம்பரையைச் சேர்ந்தவன். அந்தப் பரம்பரையின் வழக்கறிஞனாக இந்தப் பத்தியில் நான் வரவில்லை.

ஆனால், மலிவு என்ற சொல்லைக் கேட்டதும் மகிழ்ந்து, மறுகேள்வி கேட்காமல் போவதும் நமக்கு அழகல்ல. எந்தப் பண்டமும் வானத்திலிருந்து விழுவதில்லை. உழுதவன் உண்டு, பறித்தவள் உண்டு, சுமந்தவன் உண்டு, காய்ச்சியவன் உண்டு. அவர்களுக்கு உரியது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பண்டம் மலிவாக இருக்குமானால், பாராட்டுவோம். பந்தல் போட்டு வரவேற்போம். அவர்களுக்கு உரியது போய்ச் சேராத காரணத்தாலேயே பண்டம் மலிவாக இருக்கிறதென்றால்? அதற்குப் பெயர் மலிவா? அது கடன், தோழர்களே! நாம் குடித்தோம், பற்று வேறொருவர் பெயரில் எழுதப்பட்டது.

மலிவு இரண்டு வகை.

ஒன்று, ஊரறிய வந்த மலிவு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று 1967 தேர்தலில் சொன்ன அண்ணா, ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தைத் தொடங்கினார். 2008 செப்டம்பரில் கலைஞர் ஆட்சியில் கிலோ அரிசி ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 ஜூனில், ஆட்சி மாறிய பிறகு, அதே அரிசி விலையில்லா அரிசி ஆயிற்று. இந்த மலிவின் சுமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வரவு செலவுத் திட்டத்தில். மானியம் என்ற தலைப்பில், கோடிக் கணக்கில், அச்சிட்ட எழுத்தில். எதிர்க்கட்சி அதைப் பற்றிக் கேட்கலாம். தணிக்கையாளர் தட்டிப் பார்க்கலாம். பணக்கார வீட்டுத் திண்ணையிலிருந்து, "இலவசமா?" என்று முகம் சுளிக்கலாம். எப்படியானாலும் கணக்கு வெளியே இருக்கிறது. சுமையை நாடு சுமக்கிறது.

இன்னொன்று, மறைவில் வந்த மலிவு. அதன் கணக்கு எந்தத் திட்டத்திலும் இராது. எந்தச் சட்டமன்றத்திலும் படிக்கப்படாது. அது ஒரு தாயின் முதுகில் எழுதப்பட்டிருக்கும். ஒரு குழந்தையின் சோகை பிடித்த கண்ணில் எழுதப்பட்டிருக்கும். இடிந்து விழும் சுவரில் எழுதப்பட்டிருக்கும். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்களே, அந்தத் தாராளம்தான் இந்த மலிவு. கொடுப்பவனுக்குச் செலவில்லை, நெய் இழந்த வீட்டைப் பற்றிப் பேச்சில்லை.

இந்த இரண்டாவது மலிவுக்கு எடுத்துக்காட்டைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. இந்த ஏட்டை நீங்கள் படிக்கும் இடத்திலேயே, உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே, ஆவி பறக்க இருக்கிறது. தேநீர்!

நம் இயக்கத்துக்கும் தேநீருக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. படிப்பகம் இல்லாத ஊரில் தேநீர்க் கடைப் பலகையே படிப்பகம். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்க, இருபது பேர் வாதாட, அங்கே வளர்ந்தது நம் கொள்கை. அந்தக் கடையிலேயே ஒரு அநீதியையும் கண்டோம். ஊருக்கு ஒரு குவளை, சேரிக்கு ஒரு குவளை. ஒன்று உள்ளே கழுவிக் கவிழ்த்திருக்கும். மற்றொன்று வெளியே கூரையில் செருகியிருக்கும். குடித்தவனே கழுவி வைக்க வேண்டும். "காசு ஒன்று, தேநீர் ஒன்று, குவளை மட்டும் இரண்டா?" என்று கேட்டோம். கேட்டதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அந்தக் கொடுமை எல்லா ஊரிலும் தொலைந்துவிட்டது என்று இன்றும் மார்தட்ட முடியாது. ஆனாலும் கேட்டோம், கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

குவளையைப் பார்த்தோம். குவளைக்குள் இருந்த தேநீரைப் பார்த்தோமா?

அந்தத் தேயிலையைப் பறித்தது யார்? வெள்ளையன் மலைக்காட்டை அழித்துத் தோட்டம் போட்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வெள்ளையன் கையிலா கோடரி இருந்தது? 1820களிலிருந்து இலங்கை மலைகளில் காப்பி பயிரிட ஆள் பிடித்தார்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் என்று தமிழ் நிலத்தின் வறண்ட ஊர்களிலிருந்து, பஞ்சத்தால் துரத்தப்பட்டவர்கள் நடந்து போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சேரி மக்கள். 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டான். 1869இல் காப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. காப்பி மடிந்தது, தேயிலை எழுந்தது. வால்பாறையிலும் நீலகிரியிலும் மூணாற்றிலும் இதே கதை, இதே மக்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எவருக்காக ஊர்க் கடையில் இரண்டாவது குவளை வைக்கப்பட்டதோ, அவருடைய உறவுக்காரி பறித்த கொழுந்துதான் முதல் குவளைக்குள் ஆவி பறந்தது. குடிக்கும்போது தீட்டு இல்லை. கொடுக்கும்போது தீட்டு வந்தது! சாதி செய்த கணக்கும், முதலாளி செய்த கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆள் பிடித்தவன் கங்காணி. முன்பணம் கொடுத்தான், அது கடனாயிற்று. அந்தக் கடனை ஒரு காகிதத்தில் எழுதினார்கள். துண்டு என்று அதற்குப் பெயர். துண்டு இல்லாமல் அடுத்த தோட்டம் சேர்க்காது. துண்டோடு போனால் கடனும் கூடவே போகும். விலங்குக்கு இரும்புதான் வேண்டும் என்பதில்லை. காகிதமும் போதும் என்று காட்டினார்கள் கனவான்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், தாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டு 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். "எரியும் பனிக்காடு" என்ற பெயரில் அது தமிழில் வந்திருக்கிறது. படிக்காத தோழர்கள் படிக்க வேண்டும்.

உழைத்தவர்களுக்கு நாடாவது கிடைத்ததா? 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை இயற்றிய முதற்சட்டங்களில் ஒன்று குடியுரிமைச் சட்டம். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்கள் ஒரே கையெழுத்தில் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பத்தாண்டு கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். அந்த மக்களைக் கேட்டா பிரித்தார்கள்? மூட்டையையா கேட்பார்கள்? திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அங்கே போய் அவர்கள் செய்த வேலை? மறுபடியும் கொழுந்து பறித்தல்!

"இது பழங்கதை ஐயா, வெள்ளைத் துரை போய்விட்டானே" என்பீர்கள். துரை போனான்; அவன் போட்ட கணக்கு போகவில்லை. இலங்கைத் தோட்டங்களில் வழங்கும் ஒரு சொல்லைக் கேளுங்கள்: அரைப் பேர். காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, இடுப்பில் படங்கைக் கட்டி, நெற்றியில் கயிற்றை மாட்டிக் கூடையைத் தொங்கவிட்டு, அட்டைக் கடியோடு மலையேறிய பெண், மாலையில் நிறுவைத் தராசின் முன் நிற்கிறாள். இத்தனை கிலோ என்று ஒரு அளவு உண்டு. அந்த அளவு இல்லையா? அன்று மழையா, வெயிலா, கொழுந்து இல்லாத மலையா என்ற கேள்வி இல்லை. அரைப் பேர்! அதாவது அரைக் கூலி. முழு நாள் உழைத்தவளுக்கு அரை மனுஷி என்று சான்றிதழ்!

அந்தக் கூலிதான் எவ்வளவு? நாளுக்கு 1000 ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல் அது அரசிதழில் ஏறியது. இலங்கை ரூபாய், தோழர்களே, நம் ரூபாய் அல்ல. அடுத்த ஆண்டே அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. டாலருக்கு 200 என்று இருந்த இலங்கை ரூபாய், சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. தேயிலை வெளிநாட்டுக்கு விலைபோவது டாலரில். அதைப் பறித்தவளுக்குக் கொடுப்பது ரூபாயில். டாலர் ஏறினால் ஏற்றுமதியாளன் பெட்டி நிறையும்; அரிசி விலை ஏறி அவள் பானை குறையும். 2024இல் 1350 ரூபாய் என்று உயர்த்தினார்கள். உயர்த்துமுன் விலைவாசி எங்கே போய் நின்றது என்பதை அவள் அடுப்பைக் கேட்டால் சொல்லும்.

இப்பால் வாருங்கள், நம் எல்லைக்கு. மலைத்தோட்டத் தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எல்லாம் முதலாளி தர வேண்டும் என்று 1951இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் செய்தது. நல்ல சட்டம். 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அதைக் கரைத்தார்கள். கரைக்கும் முன்பாவது அது மலையேறிப் போய் லயத்தின் கூரையைத் தொட்டதா? 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் உறங்கியவர்களை மண் மூடியது. 70 உயிர்கள்! பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானது. விமானத்தில் மாண்டவர்களின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம், லயத்தில் மாண்டவர்களின் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் என்று கேரள அரசு அறிவித்தது. சாவிலும் அரைப் பேர்! இலங்கையில் 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும் இப்படித்தான் லயங்கள் மண்ணுக்குள் போயின. மழை இயற்கை, சரிவு இயற்கை. சரிவின் அடியில் லயம் இருந்தது மட்டும் இயற்கையல்ல. பாதுகாப்பான இடத்தில் நல்ல வீடு கட்டாமல் மிச்சம் பிடித்த பணமும் மலிவுத் தேயிலையின் மலிவுக்குள்ளே அடங்கியிருக்கிறது.

பெருந்தோட்டத்தில்தான் இந்த நிலை, சொந்த நிலம் உள்ளவன் பிழைத்துக்கொள்வான் என்று எண்ண வேண்டாம். நீலகிரியில் ஐம்பதாயிரத்துக்குக் குறையாத சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். ஓர் ஏக்கர், அரை ஏக்கர். பறித்த கொழுந்து வாடுமுன் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். வாடும் பண்டத்தை வைத்திருப்பவனால் பேரம் பேச முடியுமா? கிலோ பச்சைத் தேயிலைக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று 2023இல் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது அவர்களுக்குக் கிடைத்தது அதில் ஏறக்குறைய பாதி. வண்டி வண்டியாக விற்பவர் ஆயிரக்கணக்கில். ஏலத்தில் வாங்குபவர் விரல்விட்டு எண்ணும் கணக்கில். விலையை யார் சொல்வது?

இங்கேதான் ஒரு குரல் எழும். "அவர்களுக்குக் கூலியை உயர்த்தினால் தேநீர் விலை ஏறுமே! ஏழைத் தொழிலாளியின் ஒரே இன்பம் அதுதானே! அதிலுமா கை வைக்கிறீர்கள்?" ஆகா, எவ்வளவு பரிவு! மற்ற நாளெல்லாம் நம்மைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், கூலி உயர்வு என்றதும் நம் குவளைக்காகக் கண்ணீர் விடுகிறார்கள்!

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பெண் ஒரு நாளில் 20 கிலோ பறிக்கிறாள் என்று வையுங்கள். அவளுடைய நாட்கூலியை ஒரேயடியாக 100 ரூபாய் உயர்த்துங்கள். கிலோ தூளின்மேல் ஏறுவது சுமார் 23 ரூபாய். ஒரு குவளைக்கு இரண்டரை கிராம் தூள் என்றால், கிலோவுக்கு 400 குவளை. 23 ரூபாயை 400ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறு காசு கூட வரவில்லை! களை எடுப்பவர், மருந்து தெளிப்பவர், ஆலையில் உருட்டுபவர், உலர்த்துபவர் அத்தனை பேருக்கும் சேர்த்து இரட்டிப்பாக்குங்கள். பன்னிரண்டு காசு! பத்துக்கும் பதினைந்துக்கும் விற்கும் தேநீரில் பன்னிரண்டு காசு தரமுடியாமலா அந்தப் பெண் அரை வயிறாகக் கிடக்கிறாள்? கிலோ 400 ரூபாய்த் தூளானாலும் குவளைக்குள் இருக்கும் தேயிலையின் விலை ஒரு ரூபாய்தான். மீதி பால், சர்க்கரை, எரிவாயு, கடை வாடகை. ஆகவே, நமக்காகத்தான் அவளைப் பட்டினி போடுகிறார்கள் என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். நம் பெயரைச் சொல்லி அவள் வயிற்றில் அடிக்க நாம் யாருக்கும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, என்ன செய்வது? "அறவழியில் விளைந்ததைப் பார்த்து வாங்குங்கள்" என்கிறார்கள் மேல்நாட்டார். புதிய எண்ணமல்ல. 1791இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் தீர்மானத்தை இங்கிலாந்து நாடாளுமன்றம் தோற்கடித்தது. அதே ஆண்டு வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு துண்டு வெளியீடு போட்டார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொடாதீர் என்றார். வீட்டுக்கு வீடு சர்க்கரையைத் துறந்தார்கள். அப்படித் துறந்தவர்கள் மூன்று இலட்சம் பேர் என்று மதிப்பிட்டார் அடிமைமுறை எதிர்ப்பாளர் தாமஸ் கிளார்க்சன். ஓட்டுரிமை இல்லாத பெண்கள் அடுப்பங்கரையிலிருந்தே நடத்திய போராட்டம் அது. மதிக்க வேண்டிய போராட்டம். 1807இல் அடிமை வியாபாரம் தடை செய்யப்பட்டது. 1833இல் அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் வந்தது.

வெற்றிதான். ஆனால், தோழர்களே, கரும்பு அதற்குப் பிறகு தானாகவா வெட்டிக்கொண்டது? அடிமை போன இடத்துக்கு ஒப்பந்தக் கூலி வந்தான். மொரிசியசுக்குப் போனான், 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் ஏறினான், பிஜிக்குப் போனான். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களை எண்ணித்தான் பாரதி பாடினார். இங்கிலாந்தின் சர்க்கரைக் கிண்ணத்தில் அடிமையின் இரத்தம் இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். தமிழச்சியின் கண்ணீர் கலந்ததை எழுத அந்தக் கிண்ணத்தில் இடமில்லாமல் போயிற்று. பாடம் என்ன? வாங்குபவன் மனம் மாறுவது நல்லது. வெட்டுபவன் கைக்கு உரிமை வராவிட்டால், சாட்டை கைமாறுமே தவிர ஒழியாது.

இன்று பொட்டலத்தின்மேல் முத்திரை ஒட்டுகிறார்கள். நியாய வணிகம் என்று ஒரு முத்திரை; தவளைப் படம் போட்டு இன்னொரு முத்திரை. 1988இல் ஹாலந்தில் காப்பிக்கு ஒட்டத் தொடங்கிய பழக்கம் இது. எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். முத்திரைக்காகவே சில தோட்டங்களில் கழிப்பறை வந்தது, நச்சு மருந்து தெளிப்பவருக்குக் கையுறை வந்தது என்றால், அதுவும் நன்மைதான். ஆனால், 2015இல் பிபிசி நிருபர்கள் அசாமுக்குப் போய்ப் பார்த்தபோது, முத்திரை பெற்ற தோட்டங்களிலேயே ஒழுகும் குடிசையையும் ஊட்டமற்ற பிள்ளைகளையும் கண்டார்கள். 2018இல் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தார் இந்தியத் தேயிலையையும் கானா நாட்டுக் கோகோவையும் ஆராய்ந்து, முத்திரை இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் தொழிலாளி நிலையில் பெரிய வேறுபாடு இல்லை என்றார்கள். ஏன்? சோதனைக்காரர் வரும் நாள் தோட்டத்துக்கு முன்பே தெரியும். சுண்ணாம்பு அடிக்க அவகாசம் உண்டு. துரைக்குப் பின்னால் நின்று, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

வாய் திறந்த பெண்களும் உண்டு. அவர்களை மறந்தால் நாம் மன்னிக்கப்பட மாட்டோம். 2015 செப்டம்பர். மூணாற்றுத் தோட்டத்தில் 20 விழுக்காடாக இருந்த போனசை 10 ஆக்கினார்கள். நாட்கூலியோ 232 ரூபாய். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரம் ஆயிரமாக இறங்கி வந்து கொச்சி சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. சமரசம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களை, "எங்கள் கூடை சுமக்க வராதவர்கள் எங்கள் பேச்சைப் பேச வேண்டாம்" என்ற பொருள்பட விரட்டினார்கள். ஒன்பது நாள்! அரசும் கம்பெனியும் இறங்கி வந்தன. போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. அடுத்த மாதமே கூலி 301 ரூபாய் ஆயிற்று. கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் முத்திரை பல ஆண்டு தராததை, ஒன்பது நாள் ஒற்றுமை தந்தது.

கொடி பிடிக்கும் நமக்கு அந்தச் சாலையில் ஒரு செய்தி இருக்கிறது. கசந்தாலும் விழுங்க வேண்டும். சங்கம் என்று பெயர் வைத்து, சந்தா வசூலித்து, மேடையில் மாலை வாங்கிக்கொண்டு, லயத்துக் கூரையை அண்ணாந்து பார்க்காத தலைவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்தப் பெண்கள் முன் நிற்க முடியாது. தஞ்சை மண்ணிலிருந்து இலங்கை போன பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், வெளியார் நுழையக்கூடாத தோட்டத்துக்குள் புடவை வியாபாரி வேடத்தில் புகுந்தார் என்பர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். ஏடு நடத்தியவர் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

ஆகவே, நம் கோரிக்கைகள் நேரானவை.

முதலாவது, அரசு வாங்குவதில் அறம். இந்த நாட்டில் அரசைவிடப் பெரிய வாடிக்கையாளர் யார்? நியாயவிலைக் கடை, சத்துணவுக் கூடம், மாணவர் விடுதி, மருத்துவமனை, சிறைச்சாலை என்று அரிசியும் பருப்பும் முட்டையும் சர்க்கரையும் தேயிலையும் மலைமலையாக வாங்கப்படுகின்றன. குறைந்த ஒப்பந்தப்புள்ளி எவனுடையது என்று பார்ப்பதோடு, அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். சட்டப்படி கூலி கொடுத்ததற்குச் சான்று இல்லாதவனுக்கு ஒப்பந்தம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும், ஆயிரம் முத்திரை செய்யாததை அந்த ஒரு வரி செய்யும். நீலகிரி விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலையை ஊட்டி டீ என்ற பெயரில் நியாயவிலைக் கடையில் விற்க நம் மாநிலமே வழி கண்டதல்லவா? வழி தெரிந்த நமக்கு வேகம்தான் வேண்டும்.

இரண்டாவது, பொட்டலத்தில் பெயர். கம்பெனியின் பெயரும் நடிகையின் சிரிப்பும் இருக்கட்டும்; எந்தத் தோட்டத்தில், எந்தத் தொழிற்சாலையில் விளைந்தது என்பதும் இருக்கட்டும். மறைவில் இருக்கும் வரைதான் இந்த மலிவுக்கு வாழ்வு.

மூன்றாவது, சிறு விவசாயியின் கொழுந்துக்கு அடக்கச் செலவை ஈடு செய்யும் அடிப்படை விலை.

நான்காவது, சோதனைக்குப் போகும்போது தொழிலாளர் பிரதிநிதியும் உடன் செல்ல வேண்டும்; அவர்களில் பெண்கள் பாதிக்குக் குறையக்கூடாது. சொல்லிவிட்டு வருவது விருந்து. சொல்லாமல் போவதே சோதனை.

ஐந்தாவது, நமக்கு நாமே. நம் மாநாட்டுப் பந்தலில் ஆயிரக்கணக்கான குவளைத் தேநீர் ஓடுகிறதே, அந்தத் தூள் எங்கே வாங்கப்படுகிறது? கூட்டுறவில் வாங்குவோம் என்று ஒவ்வொரு கிளையும் முடிவு செய்யட்டும். நாட்டுக்குச் சொல்வதை நம் வீட்டில் முதலில் செய்வோம்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு, நாளைக் காலை தேநீர்க் கடைத் தோழரிடம் போய் நியாயம் கேட்டு வம்புக்கு நிற்காதீர்கள். விடியுமுன் எழுந்து, கொதிக்கும் பாய்லர் முன் நின்று, இரவு வரை ஆற்றி ஆற்றிக் கை மரத்துப் போனவர் அவர். அவரும் நம்மவர். கேள்வி மேலே போகட்டும்: ஏலக் கூடத்துக்கு, கம்பெனி மாளிகைக்கு, அமைச்சகத்துக்கு.

தேநீர் குடிப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தினால் கொழுந்து தேங்கும். முதலில் வேலை இழப்பவள் அவளே. குடியுங்கள். குடித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு காலத்தில், இந்தக் குவளையில் யார் குடிக்கலாம் என்று கேட்டோம், ஊர் அதிர்ந்தது. இனி, இந்தக் குவளைக்காக யார் பட்டினி கிடப்பது என்று கேட்போம், மலை அதிரட்டும். முதல் கேள்விக்கு நாம் கூச்சப்படவில்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஏன் வாய் மூட வேண்டும்?

ஆறு காசுக் கணக்கு, தோழர்களே! அதை மறைக்கத்தான் இருநூறு ஆண்டு தேவைப்பட்டது. வெளியே கொண்டுவர ஒரு தலைமுறை போதும். அந்தத் தலைமுறை நாமாக இருப்போம்.